அடுத்த கமிட்டி வரும்வரை

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாகப் பேச வராது. நடுவில் ஆரம்பித்து முன்னால் ஓடுவேன், அப்புறம் பின்னால் வருவேன். தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயம். தப்பாகச் சொன்னால் என் தலையில்தான் வந்து விடியும். அதனால் எங்காவது புரியவில்லை என்றால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். நீங்களும் இதை வெளியில் சொல்லாதீர்கள். சொன்னாலும் பஸ்ஸில் யாரோ சொன்னார்கள் என்று சொல்லுங்கள்.

இல்லைங்க, பையை மேலே வைக்க வேண்டாம். கனமெல்லாம் இல்லை. மடியிலேயே இருக்கட்டும்.

உங்கள் கையில் இருக்கிற கவரைப் பார்த்துதான் பேச்சே கொடுத்தேன். அந்தக் கட்டடமும் கேட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். பாப்பாவை அங்கே சேர்க்கத்தானே போகிறீர்கள்? முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, இரண்டு பேரும் தூங்கியிருக்க மாட்டீர்கள். காலேஜ் பேரை நான் என் வாயால் சொல்லமாட்டேன். கவரிலேயே அச்சடித்திருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். நான் சொன்னதாக இருக்கக்கூடாது.

என் பேர் வசந்தாமணி. நாமக்கல்லில் வீட்டு வாசலில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு ஆட்டி, பாக்கெட் கட்டிக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். வீட்டுக்காரர் லாரியில் போகிறவர். இப்போது நாக்பூர் பக்கம் எங்கோ இருப்பார். வருவார், அழுக்குத் துணியைப் போடுவார், போவார். நல்லது கெட்டது எல்லாம் என் தலையில்தான். ஒரே மகள், மிருதுளா. உங்கள் பாப்பா போகிற அதே காலேஜில் புட் டெக்னாலஜி படித்து முடித்தாள். நான் ஏழாவதோடு நின்றவள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

இறங்கும்போது கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளெக்ஸ் இருக்கும், பாருங்கள். நூற்றுக்கு நூறு வேலைவாய்ப்பு என்று மேலே போட்டு, கீழே வரிசையாக முகம் முகமாக அடித்திருப்பார்கள். இரண்டாவது வரிசையில் நீலச் சுடிதார் போட்டுக்கொண்டு சிரிக்காமல் இருக்கிறாளே, அவள்தான் என் மகள். முகத்துக்குக் கீழே ஒரு கம்பெனி பேர் இருக்கும். அந்தக் கம்பெனி என்னுடையது.

சிரிக்காதீர்கள். பாப்பா, நீயும் சிரிக்காதே. அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

அந்தக் காலேஜ் இப்போது காலேஜாக இருக்கிறது. அதற்கு யுனிவர்சிட்டி ஆக வேண்டுமாம். அப்படி ஆக வேண்டுமென்றால் வடக்கேயிருந்து கமிட்டி வந்து பார்த்துப் பெரிய கிரேடு போட வேண்டும். கமிட்டி என்ன பார்க்கும்? கட்டடத்தைப் பார்க்கும், கக்கூஸைப் பார்க்கும். எல்லாவற்றையும் விட, படித்த பிள்ளைகளில் எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள் என்று பார்க்கும். அந்தக் கணக்கை அவர்களிடம் காட்டினால் மட்டும் பத்தாது. ஊர் உலகமே பார்க்கிற மாதிரி வெப்சைட்டில் போட வேண்டுமாம். மிருதுளா எனக்கு இதை விளக்கிச் சொன்னபோது, "நல்ல ஏற்பாடுதானே கண்ணு, பெத்தவங்க ஏமாறாம இருக்கலாம்ல?" என்றேன்.

"ஏற்பாடு நல்லதுதாம்மா. வேலைதான் இல்ல" என்றாள்.

வேலை வாங்கித் தருவதற்கென்றே அங்கே ஒருவர் இருந்தார். அருள்நம்பி என்று பேர். எம்.டெக் படித்தவர். வேலை கிடைக்காத பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு, "சொந்தக்காரங்க யாராச்சும் கடைகண்ணி வச்சிருந்தா ஒரு அப்பாயின்ட்மென்ட் லெட்டர் வாங்கிட்டு வந்துருங்க. அதைக் குடுத்தாத்தான் உங்க ஒரிஜினல் சர்டிபிகேட் கைக்கு வரும்" என்று சொல்லியிருக்கிறார். உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, சேரும்போதே பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் வாங்கி உள்ளே வைத்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் அது உங்களுடையது கிடையாது.

பிள்ளைகள் என்ன செய்யும்? ஒரு பையனுக்கு மாமன் பஞ்சர் கடை வைத்திருந்தான். அவன் ஆட்டோமொபைல் சர்வீஸ் இன்ஜினியர் ஆகிவிட்டான். இன்னொருத்திக்கு வீட்டிலேயே கோழிப்பண்ணை. அவளுக்கு என்னமோ வாயில் நுழையாத பதவி. என் மகளுக்கு யாருமில்லை, கிரைண்டர்தான் இருந்தது. அருள்நம்பியே லெட்டர் எழுதிக் கொடுத்தார். மிருதுளா புட் ப்ராடக்ட்ஸ் என்று கம்பெனிக்கு என் மகள் பேரையே வைத்தார். அதில் அவள் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். நான் நிர்வாக இயக்குநர். ரப்பர் ஸ்டாம்புகூட அவர்களே செய்து அனுப்பினார்கள். மிருதுளா கொண்டுவந்து நீட்டினாள். வ. வசந்தாமணி என்று தமிழில் கையெழுத்துப் போட்டு ஸ்டாம்பைக் குத்தினேன். கொஞ்சம் கோணலாக விழுந்தது. இன்னொரு தாளில் நேராகக் குத்திப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. என் நாத்தனாருக்கு ஒரு பிலுக்கு உண்டு, அவள் மகன் கோயமுத்தூரில் சூப்பர்வைசர் என்று. அவளுக்குப் போன் போட்டு, "மிருதுவுக்கு வேலை ஆயிருச்சு, இன்ஜினியராப் போட்டிருக்காங்க" என்றேன். எந்தக் கம்பெனி என்று கேட்டாள். "உனக்குச் சொன்னாப் புரியாது" என்று வைத்துவிட்டேன்.

சரி, அது இருக்கட்டும்.

மிருதுளா சும்மா இருக்கிறவள் இல்லை. மாவு பாக்கெட் கட்டிக்கொண்டே எங்கெங்கேயோ எழுதிப் போட்டாள். ஓசூரில் ஒரு பிஸ்கட் பேக்டரி, அங்கே லேப் வேலைக்கு ஆள் வேண்டுமென்று கூப்பிட்டார்கள். போனாள், பரீட்சை எழுதினாள், எடுத்துவிட்டார்கள். நிஜமான வேலைங்க. திங்கட்கிழமை ஒரிஜினலைக் கொண்டுவந்து காட்டிவிட்டு வேலையில் சேரலாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு அவள் வீட்டுக்குள் நடந்த நடையே வேறு. வாசலுக்கும் அடுப்படிக்குமாகச் சும்மாவே நடந்தாள்.

இரண்டு பேரும் காலேஜுக்குப் போனோம். அருள்நம்பி ரூமில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மிருதுளாவை உட்காரச் சொன்னார். என்னைச் சொல்லவில்லை. இன்னொரு நாற்காலி இருந்தது, அதில் அவருடைய சாப்பாட்டுப் பை உட்கார்ந்திருந்தது. நான் நின்றேன்.

"கமிட்டி வந்துட்டுப் போகட்டும்மா. அதுவரைக்கும் ஒரு பேப்பர்கூட வெளிய போகாது" என்றார்.

"சார், திங்கக்கிழமை காட்டணும் சார். இல்லாட்டி வேற ஆளைப் போட்டுருவாங்க."

"நீதான் ஏற்கெனவே வேலையில இருக்கியேம்மா. வெப்சைட்ல ஏத்தியாச்சு, பிளெக்ஸும் அடிச்சாச்சு. வேலையில இருக்கிற பொண்ணு எதுக்கு ஒரிஜினல் கேக்குதுன்னு யாராச்சும் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த வேலை பொய்ங்க சார். நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பொய்யின்னு நான் சொல்லலியே. கையெழுத்து யாரோடது?"

"என்னுதுங்க."

"ஸ்டாம்பு?"

"நீங்க அனுப்பினதுங்க."

"குத்தினது யாரு?"

ஸ்டாம்பு குத்தின கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"பொய் லெட்டர் குடுத்தா, குடுத்தவங்க மேலதான் கேஸ் வரும். நீங்க எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"ஏழாவது."

"அதான்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை, கத்தவில்லை, வெளியே போ என்று சொல்லவில்லை. "அதான்" என்றுவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். மிருதுளா உட்கார்ந்தபடியே அவரை ஒரு பார்வை பார்த்தாள். நான் கல்யாணமாகி வந்து எத்தனையோ பேச்சு வாங்கியிருக்கிறேன், மாமியாரிடம், கடைக்காரர்களிடம். எல்லாம் அன்றோடு போய்விடும். இந்த "அதான்" போகவில்லை. அரிசி களையும்போது வரும். உளுந்து ஊறப்போடும்போது வரும். கிரைண்டர் சுற்றுகிற சத்தமே அதான், அதான், அதான் என்று கேட்கும்.

திங்கட்கிழமை போய்விட்டது. ஓசூர்க்காரர்கள் வேறு பெண்ணைப் போட்டுக்கொண்டார்கள். வேலையில் இருக்கிறாள் என்று பிளெக்ஸில் போட்டதாலேயே என் மகளுக்கு வேலை போனது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள். மிருதுளா அழவில்லை. வந்த வேகத்தில் கிரைண்டரைக் கழுவினாள். "விடும்மா, கமிட்டி வந்துட்டுப் போனா ஒரிஜினல் வந்துரும், வேற பாத்துக்கலாம்" என்றாள். விடு என்று சொல்வதெல்லாம் படித்தவர்கள் பழக்கம். நான் விடுகிற சாதி இல்லை.

அம்மன் கோயிலுக்குப் போனேன். எங்கள் பக்கம் காசு வெட்டிப் போடுகிற வழக்கம் உண்டு. கெடுத்தவன் பேரைச் சொல்லிக் காசை இரண்டாக வெட்டிப் போட்டால் அவன் விளங்கமாட்டான். பூசாரி உளியை எடுத்து வைத்துக்கொண்டு, "பேரு?" என்றார். அருள்நம்பி என்றேன். "அப்பன் பேரு?" தெரியவில்லை. "அப்பன் பேரு இல்லாட்டி அந்தப் பேருல இருக்கிற வேற எவனுக்காச்சும் போயிருமே தாயி, பாவமில்லையா?" என்றார். நியாயம்தானே? வீட்டுக்கு வந்து மிருதுளாவிடம், அந்தாளோட அப்பன் பேர் வெப்சைட்டில் இருக்குமா பார் என்றேன். "எதுக்கு?" என்றாள். சொன்னேன். என்னை முறைத்த முறைப்பில் பால் திரிந்துவிடும்.

ஆனால் அம்மனுக்கு அப்பன் பேர் தேவைப்படவில்லை போலிருக்கிறது. கமிட்டி வந்த அன்றைக்குக் காலையில் எங்கள் வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. டிரைவர் இறங்கி, கையில் இருந்த சீட்டைப் பார்த்து, "நிர்வாக இயக்குநர் வசந்தாமணி மேடம் வீடு எதுங்க?" என்று கேட்டார்.

நான் முழங்கை வரைக்கும் மாவோடு நின்றேன். "என்ன விஷயங்க?" என்றேன்.

"கமிட்டி மீட்டிங்குங்க. பிள்ளைகளை வேலைக்கு எடுத்த கம்பெனிக்காரங்களைப் பாக்கோணும்னாங்களாம். வர்றேன்னு சொன்ன பெரிய கம்பெனிக்காரங்க ரெண்டு பேரு வரலீங்களாம். ஆபீஸ்ல பக்கத்துல இருக்கிற கம்பெனியாப் பாத்துக் கூட்டியாரச் சொன்னாங்க. மேடம் உள்ள இருக்காங்களா?"

புரிகிறதா உங்களுக்கு? அவர்கள் எழுதின பொய்யை அவர்களே நம்பிக் கார் அனுப்பிவிட்டார்கள். இப்படி எத்தனை லெட்டர் எழுதினார்களோ, எது நிஜம் எது பொய் என்று ஆபீஸில் இருந்தவர்களுக்கே மறந்துபோயிருக்கிறது. நான் கையைக் கழுவினேன். "மேடம் இப்ப வந்துருவாங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பட்டுச்சேலையை எடுத்தேன்.

மிருதுளா கதவில் சாய்ந்து நின்றாள். "அம்மா, போகாதே. போனாலும் வாயைத் திறக்காதே. எனக்கு ஒரிஜினல் வந்தாப் போதும்."

"உனக்காகத்தாண்டி போறேன்" என்றேன்.

"எனக்காகன்னா போகாதே."

சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும்? மடிப்பு வைத்துக் கட்டி, தலைக்குப் பூ வைத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

காலேஜ் கல்யாண வீடு மாதிரி இருந்தது. வாடகைத் தொட்டிச்செடி வழி நெடுக. கேட்டருகில் மேளம். அருள்நம்பி கோட்டுப் போட்டுக்கொண்டு பூச்செண்டோடு ஓடி வந்து கார்க் கதவைத் திறந்தார். "வெல்கம் மேடம்" என்றார். அப்புறம் முகத்தைப் பார்த்தார்.

"நீங்களா?"

"நான்தானுங்க. நீங்கதானே கூப்பிட்டீங்க?"

பூச்செண்டைக் கொடுப்பதா வேண்டாமா என்று கை அந்தரத்தில் நின்றது. நானே வாங்கிக்கொண்டேன். திருப்பி அனுப்பவும் வழியில்லை, பெரியவர்கள் வராண்டாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை ஓரமாகக் கூட்டிப்போய்க் குசுகுசுவென்று சொன்னார். "அக்கா, மூணே வார்த்தை. பிள்ளைங்க திறமையா இருக்காங்க. ஒழுக்கமா இருக்காங்க. அடுத்த வருஷமும் எடுப்போம். தமிழ்ல சொன்னாப் போதும், நான் இங்கிலீஷ்ல சொல்லிக்கறேன். எனக்கும் ரெண்டு பெண் பிள்ளைங்க இருக்குக்கா. மூணு மாசமாச் சம்பளம்கூடப் போடல, கிரேடு வந்தாத்தான் போடுவாங்க."

அக்காவாம். அன்றைக்கு நாற்காலியில் சாப்பாட்டுப் பை உட்கார்ந்திருந்தது, இன்றைக்கு நான் அக்கா. அவருடைய பெண் பிள்ளைகளைப் பற்றி எனக்கென்ன? என் பெண் பிள்ளையைப் பற்றி அவர் நினைத்தாரா?

நீள மேஜை. அந்தப் பக்கம் கமிட்டிக்காரர்கள் மூன்று பேர். இரண்டு பெரியவர்கள், ஒரு கண்ணாடி போட்ட அம்மா. கோழித்தீவனக் கம்பெனி மேனேஜர் ஒருத்தர் இங்கிலீஷில் பேசி முடித்தார். அடுத்து நான். அருள்நம்பி எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். நன்றாகச் சாய்ந்தே உட்கார்ந்தேன்.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். லெட்டர், ஸ்டாம்பு, பஞ்சர் கடை, ஓசூர், உள்ளே பூட்டி வைத்த ஒரிஜினல், எதையும் விடவில்லை. மூச்சுவிடாமல் பேசினேன். அருள்நம்பி என் பக்கத்தில் நின்று சிரித்த முகமாகவே தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் இங்கிலீஷில் ஒரே ஒரு வரி சொன்னார். பெரியவர்கள் இரண்டு பேரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். ஒருத்தர் எனக்குக் கும்பிடு போட்டார். இத்தனை பேச்சுக்கு இத்துனூண்டு இங்கிலீஷா, சிக்கனமான பாஷை போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். நம்புங்கள், அப்படித்தான் நினைத்தேன்.

அப்போது அந்தக் கண்ணாடிக்கார அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, நான் மைசூரு. தமிழ் கொஞ்சம் வரும். நிதானமா இன்னொரு தடவை சொல்லுங்கோ" என்றார்.

அருள்நம்பி முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த ஒரு முகத்துக்காக நான் இன்னும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் மாவு ஆட்டுவேன்.

மறுபடி சொன்னேன். இந்தத் தடவை நிதானமாக, ஒவ்வொன்றாக, அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். பக்கத்தில் இருந்தவர்களுக்கு இங்கிலீஷில் என்னமோ சொன்னார், அது ஒரு வரி இல்லை, நிறைய வரி. அப்புறம் என்னைக் கேட்டார்.

"இப்போ உங்க பொண்ணு என்ன செய்றா?"

"மாவு ஆட்டுறாளுங்க."

"தினமும்?"

"தினமும்தான். சும்மா ஆட்டுறதில்லீங்க. ஒரு காகிதத்தை மாவுல நனைச்சுக் கலரு பாக்குறா, புளிப்பு ஏறிருச்சான்னு. எந்தக் கடைக்கு எத்தனை பாக்கெட்டுன்னு செல்லுல எழுதி வைக்கிறா. அவ வந்தப்புறம் பாக்கெட்டு ஒண்ணுகூடத் திரும்பி வர்றதில்ல."

"அப்போ அவ உங்க கிட்ட வேலைதான் பாக்குறா."

"வேலையா? அது வீட்டு வேலைங்க."

"சம்பளம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பெத்த பொண்ணுக்கு யாராச்சும் சம்பளம் குடுப்பாங்களா?" என்றேன்.

அந்த அம்மா பேனாவை மறுபடி எடுத்தார். "அவளுக்கு இஷ்டமா?" என்று கேட்டார். எதைக் கேட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. பாவம், கன்னடக்காரர், தமிழ் அவ்வளவு சரியாக வரவில்லை. சும்மா தலையாட்டி வைத்தேன். அவரும் எதையோ எழுதிக்கொண்டார்.

கிரேடு வந்தது. ஏ பிளஸ் பிளஸ் வரும் என்று முன்னாலேயே பெரிய பிளெக்ஸ் அடித்து வைத்திருந்தார்கள். வந்தது வெறும் பி. அந்த பிளெக்ஸைக் கழற்றி மடக்கி, இப்போது கேன்டீன் விறகு நனையாமல் மூடி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். யுனிவர்சிட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை. மறுபடி கமிட்டிக்கு எழுதிப் போட்டிருக்கிறார்களாம். அருள்நம்பியை அந்த ஏசி ரூமிலிருந்து தூக்கிக் காலேஜ் பஸ்களைப் பார்க்கிற வேலையில் போட்டுவிட்டார்கள். காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே வெயிலில் நின்று, எந்த பஸ்ஸில் எத்தனை பிள்ளைகள் ஏறினார்கள் என்று எழுத வேண்டும்.

அதோடு இன்னொன்றும் நடந்தது. மிருதுளாவின் ஒரிஜினல் எல்லாம் ஒரு கவரில் வீட்டுக்கே வந்துவிட்டது. அதே வெள்ளைக் கார், அதே டிரைவர். இந்தத் தடவை மேடம் என்று கூப்பிடவில்லை. மிருதுளா அந்நேரம் கடைகளுக்குப் போயிருந்தாள். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம் என்கிறீர்களா? மிருதுளாவும் அதைத்தான் சொன்னாள். ஆனால் நேரில் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வருமா? ஒருநாள் காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நின்றுகொண்டிருந்தார், கர்ச்சீப்பைத் தலையில் போட்டுக்கொண்டு. எதிர்க்கடையில் ஒரு எலுமிச்சம்பழ ஜூஸ் வாங்கி, ஐஸ் நிறையப் போடச் சொல்லி, அவருக்கு முன்னால் நின்று நிதானமாகக் குடித்தேன். அவர் என்னைப் பார்த்தார். மறுபடி நோட்டில் எழுத ஆரம்பித்தார்.

"சார், நீங்க எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"எம்.டெக்கும்மா, தெரியுமில்ல?"

"அதான்" என்றேன்.

ஐயோ, அந்த ஜூஸ் மாதிரி ஒரு ஜூஸை நான் ஆயுசில் குடித்ததில்லை. தொண்டை, வயிறு, உள்ளங்கால் வரைக்கும் குளிர்ந்தது. டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினேன். அப்போதுதான் அந்தப் பாவி அதைச் சொன்னான்.

"ஜாக்கிரதையா இருந்துக்குங்கம்மா. அடுத்த கமிட்டி வரும். உங்க கம்பெனி இன்னும் வெப்சைட்லதான் இருக்கு. எடுத்தாப் பொய்யின்னு ஆயிரும்னு எடுக்காம வச்சிருக்காங்க. இந்தத் தடவை நேர்லயே வந்து பாப்பாங்களாம், கம்பெனி இருக்கா, பொண்ணு வேலை பாக்குதான்னு. இல்லாட்டி உங்களைத்தான் கேப்பாங்க. கையெழுத்து உங்களுது."

மிரட்டினானா, நல்லதுக்குச் சொன்னானா? இன்னும் தெரியவில்லை. முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் குடித்த ஜூஸ் வயிற்றில் கல்லாகிவிட்டது.

அன்றையிலிருந்து வாசலில் எந்த வண்டி நின்றாலும் ஓடிப்போய்க் கதவைச் சாத்துகிறேன். கேஸ் சிலிண்டர்காரன் கதவைத் தட்டினால்கூட எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறேன். வீட்டுக்காரரிடம் போனில் சொன்னால், "உன்னை யாரு அந்த ஜூஸைக் குடிக்கச் சொன்னது?" என்கிறார். ஆம்பிளைகளுக்கு என்ன, லாரியில் ஏறினால் ஊர் மறந்துவிடும்.

மறுநாளே பெயின்டரைக் கூப்பிட்டு மிருதுளா புட் ப்ராடக்ட்ஸ் என்று வாசலில் போர்டு எழுதச் சொன்னேன். ஒரு வருகைப் பதிவேடு வாங்கி வைத்தேன். தினமும் மிருதுளா எழுந்து, பல் துலக்கி, வாசலுக்கு வந்து அதில் கையெழுத்துப் போட வேண்டும். முதல் நாள் சிரித்தாள். "லீவு லெட்டர் யாருகிட்டக் குடுக்கணும்மா?" என்று கேலி பேசினாள். அப்புறம் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். இப்போது சத்தமில்லாமல் போட்டுவிட்டுப் போகிறாள்.

போன வாரம் ஓசூரிலிருந்து மறுபடி போன். அங்கே சேர்ந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாளாம். இவளை அவர்களுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. திங்கட்கிழமை ஒரிஜினலோடு வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். அதே திங்கட்கிழமை, பார்த்தீர்களா! வீட்டுக்குள் மறுபடி அந்த நடை நடந்தாள். பெட்டியை இறக்கித் துடைத்தாள்.

"அம்மா, ஒரிஜினலைக் குடு."

"பத்திரமா இருக்கு கண்ணு."

"பத்திரமா இருக்கட்டும். குடு."

"நீ போயிட்டாத் தரக்கட்டுப்பாட்டை யாரு பாக்குறது?" என்றேன். "கமிட்டி வந்து பொண்ணு எங்கன்னு கேட்டா நான் யாரைக் காட்டுவேன்? ஜெயிலுக்குப் போகச் சொல்றியா என்னை?"

அவள் பெட்டியைத் துடைத்த துணியைக் கீழே போட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றைக்கு ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு அருள்நம்பியைப் பார்த்தாளே, அதே பார்வை. எதற்கு என்றுதான் எனக்கு விளங்கவில்லை. அவர் யாரோ. நான் அவளைப் பெற்றவள் இல்லையா?

இதோ, போன் அடிக்கிறது. அவள்தான். அடிக்கட்டும். பீரோவைத் திறந்து பார்த்திருப்பாள். சாவியை நான் வேண்டுமென்றே சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தேன். பீரோவில் சேலைதான் இருக்கிறது, தேடட்டும்.

அதோ பாருங்கள், உங்கள் ஸ்டாப்பு வருகிறது. பிளெக்ஸ் தெரிகிறதா? இரண்டாவது வரிசை, நீலச் சுடிதார். வெயிலில் கொஞ்சம் வெளுத்துவிட்டாள். பாப்பா, நான் சொல்வதை மட்டும் மறந்துவிடாதே. என்ன கேட்டாலும் ஒரிஜினலைக் கையைவிட்டுக் கொடுத்துவிடாதே. அடுத்தவர்கள் கைக்குப் போனால் அவர்கள் இஷ்டம்தான், உன் இஷ்டம் இல்லை. பார்த்து இறங்குங்கள், படி உயரம்.

நான் துறையூர் வரைக்கும் போகிறேன். அங்கே என் அண்ணன் வீட்டில் பழைய இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறது, அண்ணனைத் தவிர யாரும் தொடமாட்டார்கள். இந்தப் பையை அதில் வைத்துப் பூட்டிவிட்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவேன். மாவு ஆட்ட வேண்டுமே. கமிட்டி வந்துவிட்டுப் போகட்டும். அதுவரைக்கும் ஒரு பேப்பர்கூட வெளியே போகாது.